பூங்காவுக்குள்ளால் போன கார்

யாராவது கேட்டால் என் மனுசன் அதை ஒரு சின்னக் கார்ப் பிரச்சினை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்னப் பிரச்சினைதான், யார் இல்லை என்றது? நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் மட்டும் வளரவிட்டது இந்த மனுசன்தான்.

அப்போது நாங்கள் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேரைத்தான் ஒன்றாக அனுப்ப ஏலும் என்று எங்களை ஏற்றிவிட்ட ஏஜென்ட் ஒற்றைக்காலில் நின்றதால், பன்னிரண்டு வயது மகளைக் கொழும்பில் இவருடைய அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். எங்களை அகதிகள் என்று முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. தற்காலிகமாக இருக்கலாம் என்று ஒரு விசா தந்தார்கள். அது கிடைக்கவே ஒரு வருடம் போயிற்று. அதற்குப் பிறகு நாலு வருடம் ஒழுங்காக இருந்தால், விசாவைப் புதுப்பிக்கும்போது பிள்ளையையும் கூப்பிடலாம். ஆனால் அவளுக்குப் பதினெட்டு ஆகுமுன் கூப்பிட வேண்டும். பதினெட்டு ஆகிவிட்டால் சட்டத்துக்கு அவள் எங்கள் பிள்ளை இல்லை, யாரோ ஒரு பெரிய மனுசி. நாலு வருடம் முடியும்போது அவளுக்குப் பதினேழு. ஒரு வருடம் மிச்சம் இருக்கும், அது காணும் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மனுசனுக்கு ஆற்றுக்குத் தெற்கே ஒரு பெற்றோல் செட்டில் வேலை. ஒரு நாள் ஆற்றைக் கடக்கக் கார் ஏற்றும் பெரிப் படகுக்கு நின்றே நேரம் போய்விட்டது. பிந்தினால் மனேஜர் கத்துவான் என்று, பெரிய வீதியை விட்டுவிட்டு அரச பூங்கா ஒன்றுக்குள்ளால் காரை விட்டிருக்கிறார். உள்ளே வெளிவீதியைவிட மெதுவாகத்தான் போகவேண்டும். பூங்காவுக்கென்று தனிப் பொலிசும் இருக்கிறது. வேகமாக ஓடினதற்கு இவரை மறித்தவன் 'சேர்' போட்டு மரியாதையாகத்தான் பேசினானாம். பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, கோர்ட்டிலிருந்து அழைப்பு வரும் என்று சொல்லி விட்டுவிட்டான்.

கீழ்மாடியில் ஊரில் தபாலதிபராக இருந்த ஒருவர் இருந்தார். லண்டன் சட்டமெல்லாம் தன் சட்டைப்பைக்குள் இருக்கிற மாதிரிக் கதைப்பார். என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார். சும்மா ரோட்டில் பிடிபட்டால் தண்டக்காசோடு போகுமாம், இது அரச காணியாம், கோர்ட்டுக்குத்தான் போகுமாம், அங்கே செய்த குற்றம் அரசாங்கத்துக்கு எதிரான குற்றமாம், கட்டாயம் விசாவில் கை வைப்பார்களாம். கோர்ட் என்றது மட்டும் உண்மை. மிச்சமெல்லாம் அவருடைய வாய்க்கொழுப்பு. ஆனால் மனுசனின் முகம் வெளிறிப்போயிற்று.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய தம்பியை ஊரில் ஆமிக்காரர் சின்ன விசாரணை என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அந்தப் பயத்தை நான் ஒருநாளும் பகிடி பண்ணவில்லை. அதற்காக லண்டனிலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாக இருக்க வேண்டுமா?

"இஞ்சேருங்கோ, போய்ப் பிழையெண்டு ஒப்புக்கொண்டு, தண்டத்தைக் கட்டிப்போட்டு வாங்கோ. வேகமாய் ஓடினதுக்கு ஒருத்தரையும் திருப்பி அனுப்பமாட்டாங்கள்" என்று சொன்னேன்.

"கூப்பிட்ட இடத்துக்குப் போனவை திரும்பி வந்தவையே?" என்று கேட்டார்.

அழுதும் பார்த்தேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். கெடுகுடி சொற்கேளாது. அழைப்பு வந்து, கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளன்று அவர் கட்டில் கால்களைக் கழற்றிக்கொண்டு நின்றார். செவன் கிங்ஸில் வேறு வீடு பார்த்து, கோர்ட்டுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் எங்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இவர் வராததால், இவர் இல்லாமலே குற்றவாளி என்று தீர்த்துத் தண்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதமும் பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. தண்டம் கட்டாததால் அடுத்தது பிடியாணை. எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. ஒரு சத்தமும் இல்லாததால் தான்தான் கெட்டிக்காரன் என்று மனுசன் திரும்பவும் பாட்டுப் பாடிக்கொண்டு முகம் மழிக்கத் தொடங்கினார்.

நாலு வருடம் முடிந்து விசாவைப் புதுப்பிக்கப் போனோம். எங்கள் லோயர் ஒரு வெள்ளைக்காரப் பெண், பொறுமைசாலி. பத்திரத்தை நிரப்பும்போது, கோர்ட் வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் மேசைக்குக் கீழே மனுசனின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தார். மறித்துச் சொல்ல எனக்கு அப்போது இங்கிலீசும் போதாது. மகளுக்கான பத்திரத்தையும் கட்டி வைத்தாள், எங்கள் விசா வந்தவுடன் அனுப்பலாம் என்று.

விசா வருமுன் இவர் பிடிபட்டார். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று இல்போர்டில் மறித்த பொலிஸ், பெயரைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கையோடு கொண்டுபோய் அடைத்தது. அடுத்த நாள் கோர்ட்டில் தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அடிக்கேல்லை. தேத்தண்ணி தந்தவங்கள்" என்று சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

வேகமாக ஓடினது விசாக்காரருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று லோயர் சொன்னாள். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியோடு போயிருக்கும். பொய் சொன்னதுதான் பிழை. இதில் பொய் சொன்னவர் வேறு எதில் சொன்னாரோ என்று எங்கள் முழுக்கதையையும் திரும்பத் தோண்டத் தொடங்கினார்கள். பைல் அங்கே கிடக்க, மகளுக்குப் பதினெட்டு ஆயிற்று. அன்றைக்குச் சாமான் வாங்கப்போன கடையில் தெரிந்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, வெட்கத்தை விட்டு அழுதேன்.

மாரிக் குளிர் முடிய எங்கள் விசா வந்தது. நாங்கள் இருக்கலாம். அவள் வர ஏலாது.

கொழும்பில் அப்போது ஆமியும் பொலிசும் லொட்ஜ் லொட்ஜாகச் சுற்றிவளைத்துத் தமிழ்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு குமர்ப்பிள்ளையை இனித் தன்னால் காவல் காக்க ஏலாது என்று இவருடைய அக்கா, என் மச்சாள், சொல்லிவிட்டா. அவவையும் குறை சொல்ல மாட்டேன். வவுனியாவில் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்குப் பேசி முடித்தா. மகளைவிட இரண்டு மடங்கு வயது அவருக்கு. நாங்கள் போக ஏலாது. பயந்து ஓடிவந்தோம் என்று சொன்ன நாட்டுக்குக் கலியாணத்துக்குப் போனால் இருக்கிற விசாவும் போய்விடும். தாரை வார்த்துக் கொடுக்க மச்சாளின் புருசன் நின்றார்.

கலியாணத்துக்கு முதல்நாள் மகள் போன் எடுத்தாள். என்னிடம்தான் பேசினாள்.

"அப்பாவிலை எனக்குக் கோவம் இல்லையெண்டு சொல்லுங்கோ அம்மா. பயத்திலைதானே செய்தவர்."

நான் ஓம் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனுசன் குசினி வாசலில் துவாயைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

சாப்பிட்டாளாம் என்றேன்.

அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. அவள் சொன்னதை நான் இன்றைக்கும் அவருக்குச் சொல்லவில்லை.