மணல் மேல் ஒரு கூட்டம்

இந்தத் தீவு நாட்டின் தேக்கா சந்தை வாசலில் டாக்சி ஏறுகிறேன். ஓட்டுபவர் வெள்ளைத் தாடி வைத்த தமிழ் பாய். கடலோர ஹோட்டலில் கூட்டம், மணல் அள்ளுவதால் ஊருக்கு என்ன கேடு, நாட்டுக்கு என்ன லாபம் என்று பேச வந்திருக்கிறேன் என்கிறேன்.

“அள்ளக் கூடாதுங்கிற கட்சியா, தம்பி?”

மேடைக்கு வைத்திருந்ததை அவரிடமே ஒத்திகை பார்க்கிறேன். “ஆமா பாய். எங்க ஊர்ல ஆத்தையே தோண்டிட்டாங்க. மாசி மகத்துக்குச் சாமி குளிக்கவே டேங்கர் லாரித் தண்ணிதான்.”

பாய் உச்சுக்கொட்டுகிறார். ஆனால் கண்ணாடியில் தெரியும் அவர் கண் சிரிக்கிறது.

“உங்க ஹோட்டல் இருக்கிற எடம் நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ கடல் லா. எங்கெங்கிருந்தோ மணலைக் கொண்டாந்து கொட்டித்தான் நிலமாக்குனாங்க. நீங்க வந்து எறங்குன ஏர்போர்ட்டுல பாதியும் அப்படித்தான். அது இல்லேன்னா எனக்குச் சவாரி இல்ல, உங்களுக்குக் கூட்டமும் இல்ல.”

பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன். அதற்குள் ஹோட்டல் வந்துவிடுகிறது, நல்லவேளை.

கதவைத் திறந்து கீழே காலை வைக்கப் போகிறேன். பாய் திரும்பிப் பார்க்கிறார்.

“பாத்து மிதிங்க தம்பி. யாரு ஊரு ஆறோ!”