நாகேஸ்வரி கழற்றிய கொடி

ஆலாத்தித் தட்டு நாகேஸ்வரியின் கைக்கு வந்து, வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள் எரியத் தொடங்கிய பிறகுதான் புனிதவதி அதைப் பிடுங்கினாள்.

1986 சித்திரை, ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் விருந்து மண்டபம். அன்று புனிதவதியின் இளைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிகள் இரண்டு பேர் வேண்டும். ஒரு கிழமைக்கு முன்னமே நாகேஸ்வரியைக் கேட்டிருந்தார்கள். அவளும் கூறைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள்.

"நீ விடு பிள்ளை. வேற ஆரும் எடுக்கட்டும்."

"ஏன் அக்கா?"

"ஏனெண்டு உனக்குத் தெரியாதோ? நேற்றுக் காலமை எல்லாரும் ரீவியில பாத்தவை. பொட்டை அழிச்சு, தாலிக்கொடியைக் கழட்டி, நிலத்தில குந்தியிருந்து அழுதனி. மனுசன் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்க ஆராவது உந்த வேலை பாப்பினமோ?"

அந்தக் குத்துக்கல் மூன்றாவது வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தது. நாகேஸ்வரியின் கணவர் இராசதுரை வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் இஞ்சதான் இருக்கன் அக்கா. சந்தேகமெண்டா தொட்டுப் பாருங்க."

சிலர் சிரித்தார்கள். புனிதவதி சிரிக்கவில்லை. மண்டபத்தின் சமையலறை வாசலில் மனோரஞ்சிதம் கரண்டியோடு நின்று பார்த்தாள். இருபத்தாறு வயது. அவளுடைய கணவனை ஊரில் வயலுக்குப் போகும் வழியில் சுட்டுவிட்டார்கள். நல்ல காரியங்களில் அவள் சமையலறையைத் தாண்டி வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

நாகேஸ்வரி வெறுங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஒரு துளி கண்ணீர் விடவில்லை.

"அடுத்த சனிக்கிழமையும் பாருங்க அக்கா. இன்னும் நல்லா அழுவன்."

மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்ணான இவள் இந்தி நாடகத்தில் எப்படி அழப் போனாள்?

கலியாணம் முடித்த கையோடு இராசதுரை அவளைப் பம்பாய்க்குக் கூட்டிப்போனார். கப்பல் திருத்தும் இடத்தில் அவருக்கு வேலை. குடியிருந்த கட்டடத்தில் ஒரு மாடி முழுவதற்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். விடியற்காலை குடத்தோடு நின்று தன் முறையை விட்டுக்கொடுக்காமல் காக்க மராத்தி வேண்டும். சந்தையில் மரக்கறிக்காரனை மடக்க இந்தி வேண்டும். இரண்டையும் அவள் எழுத்துத் தெரியாமலே படித்தாள், தொண்டை கட்டக் கட்டப் படித்தாள். எண்பத்துமூன்றில் ஊர் எரிந்தபோது இனித் திரும்பிப் போக வழியில்லை என்று இருவரும் ரொறன்ரோ வந்து சேர்ந்தார்கள். அவர் தினமும் ஒஷாவாவுக்குப் போய்க் கார்த் தொழிற்சாலையில் நின்றார். அவள் பிஸ்கற் தொழிற்சாலையில் நின்றாள்.

அவர்கள் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் இருந்தன. ஒரு நாள் யாரோ நாகேஸ்வரியின் ஈர உடுப்புகளை அள்ளிச் சீமெந்துத் தரையில் போட்டுவிட்டுத் தங்கள் உடுப்பைப் போட்டிருந்தார்கள். அறையில் வேறு யாருமில்லை. அவள் மெசினைப் பார்த்து மராத்தியில் தொடங்கினாள். உடுப்புக்காரியின் குணம், அவளை வளர்த்தவர்களின் குணம், அவளுக்கு வரப்போகும் மருமகளின் குணம் என்று ஒழுங்காக வந்து மூச்சு வாங்கியபோது, பின்னால் ஓர் அம்மாள் சவர்க்காரப் பெட்டியோடு நின்றாள்.

"முடிஞ்சுதா?" அம்மாளும் மராத்தியில்தான் கேட்டாள்.

"இன்னும் இருக்கு."

"மிச்சத்தைக் கமராவுக்கு முன்னால திட்டுவியா?"

அந்த உடுப்புக்காரிதான் குசும் கோகட்டே. சனிக்கிழமை காலையில் கேபிள் சனலில் சில தொடர் மராத்தி, சில தொடர் இந்தி என்று அரைமணி நேர நாடகம் போடுகிறவள். மகாராட்டிரத்துப் படித்த பெண்கள் பலர் அவளிடம் நடித்தார்கள். ஆனால் குழாயடிச் சண்டை ஒருத்திக்கும் வரவில்லை.

முதல் வேடம் அடுத்த வீட்டு வாய்க்காரி. ஒரே ஒரு காட்சி. அடுத்த மாதமே ஜெராட் வீதிச் சேலைக் கடைக்காரர் அவளைக் கண்டு, "வாங்க சண்டைக்காரம்மா" என்று கதிரை எடுத்துப் போட்டார். வசனத்தைக் குசும் கசற்றில் பேசித் தருவாள். நாகேஸ்வரி காதில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். பிஸ்கற்றுகள் பெல்ற்றில் ஓட ஓட வசனம் மனதில் ஏறும். சோகக் காட்சி வந்த கிழமைகளில், "வீட்டில் ஏதும் பிரச்சினையா, லீவு வேண்டுமா" என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார்.

பிறகுதான் இந்துபாய் வேடம் வந்தது. பஞ்சாலைத் தொழிலாளியின் மனைவி. தொடர் முழுவதும் அவளுடைய கதைதான். கணவன் இறந்த பிறகு கொழுந்தன்மார் அவளை வீட்டை விட்டுத் துரத்தப் பார்க்க, அவள் அசையாமல் நிற்கும் கதை. மகாராட்டிரத்துத் தாலி கறுப்பு மணி கோத்தது. அதைக் குசும் கொடுத்தாள். நாகேஸ்வரி தன் சொந்தத் தாலிக்கொடியைச் சட்டைக்குள் ஒளித்து, கறுப்பு மணியை மேலே போட்டு நடித்தாள். விதவையாகும் காட்சியில் கமரா கழுத்துக்குக் கிட்ட வந்தது. நம்மவர் கொடியோ கயிறு போலத் தடிப்பு. சட்டைக்குள்ளிருந்து புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"சேலையால் மூடு, போதும்" என்றாள் குசும்.

"மூடினா நான் கழுத்தைத்தான் நினைப்பன், அழமாட்டன்." நாகேஸ்வரி, ஸ்ரூடியோவுக்குக் கூட வந்திருந்த கணவரைக் கூப்பிட்டாள். கொடியைக் கழற்றி நீட்டினாள். "பிடிங்க."

இராசதுரைக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பைக்குள் போட மனமில்லை. மேசையில் வைக்கப் பயம். கடைசியில் தன் கழுத்தில் போட்டு, குளிர் ஜக்கெற்றின் சிப்பைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டு மூலையில் போய் இருந்தார்.

"உன்ட கழுத்தில கிடந்தா என்ன, என்ட கழுத்தில கிடந்தா என்ன. போய் நடி."

அந்த அழுகைக்காகத்தான் ஆலாத்தித் தட்டு பறிபோனது. அதன் பிறகு கலியாணவீட்டு அழைப்புகள் நின்றன. கோயிலில் அவள் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லத் தள்ளி இருந்தார்கள். அவள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இன்னும் நன்றாக அழுதாள்.

ஆனியில் விதி தன் கையை நீட்டியது. வேலையில் நின்றபடியே இராசதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உயிர் தப்பியது. ஆனால் கட்டிலில் கிடந்தவர் பழைய இராசதுரையாக இல்லை.

புனிதவதி கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கெட்ட மனசுக்காரி அல்ல. நடைபாதையில் நாகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னனான். இனியாவது உந்த நடிப்பை விடு பிள்ளை."

"அவருக்கு இரத்தக் குழாய் அடைச்சது அக்கா. என்ட கழுத்தில இருந்து அவர்ட நெஞ்சுக்கு ஒரு குழாயும் போகல்ல."

உலகத்துக்கு இப்படிப் பதில் சொல்ல அவளால் முடிந்தது. உள்ளே போனபோது இராசதுரை கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"கடைசிப் பகுதி எடுக்கிறது இந்த ஞாயிறுதானே?"

"ஓம்."

"போய் நடி. ஆனா கொடியக் கழட்டாத."

அவள் கழுத்துக் கொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா சொன்னதுக்காக இல்ல நாகேஸ். எனக்குப் பயமா இருக்கு."

ஜக்கெற்றுக்குள் தாலியைப் போட்டுக்கொண்டு சிரித்த மனிதர். அவருடைய பயத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கடைசிக் காட்சி இதுதான்: ஊர்ப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி ஒருவருக்கொருவர் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொள்கிறார்கள். விதவை இந்துபாய்க்கு அழைப்பில்லை. வெறுங்கழுத்தோடு வாசலில் நின்று அழுகிறாள். போகாவிட்டால் தொடர் அந்தரத்தில் நிற்கும். போனால் கட்டிலில் கிடப்பவரின் பயத்தை மிதிக்க வேண்டும்.

அன்று அவளுக்குத் துணையாக மனோரஞ்சிதம்தான் நடைபாதைக் கதிரையில் இருந்தாள்.

"மனோ, கோவிக்காத. கழட்டக்குள்ள உனக்கு எப்பிடி இருந்தது?"

மனோரஞ்சிதம் தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னாள். "நான் கழட்டல்ல அக்கா. மாமிமார் கழட்டினாங்க. எனக்குக் கழட்ட மனமில்ல. ஆரும் என்னைக் கேக்கவுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வரி கொடியைச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டு ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தாள். குசும் கழுத்தைப் பார்த்தாள். நாகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"இந்துபாய் வாசலில நிக்கமாட்டாள். பெட்டியத் திறந்து தாலிய எடுத்துத் தானே கட்டிக்கொண்டு உள்ள போவாள்."

"பார்க்கிறவர்கள் போன் எடுத்துத் திட்டுவார்கள், நாகேஸ்."

"குழாயடியில நான் வாங்காத திட்டா?"

குசும் கமராக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கறுப்பு மணித் தாலியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள்.

இந்துபாய் பெட்டியைத் திறந்தாள். கறுப்பு மணித் தாலியைத் தன் கையாலேயே கழுத்தில் கட்டினாள். அதன் கீழே மட்டக்களப்புத் தங்கக் கொடியும் ஒளியாமல் கிடந்தது. அழைப்பில்லாத வீட்டுக்குள் போய், குங்குமச் சிமிழைத் தானே எடுத்து நெற்றியில் வைத்தாள். வாயடைத்து நின்ற பெண்களைப் பார்த்து ஒரே ஒரு வசனம் பேசினாள். "செத்தது அவர். எனக்குக் கட்டினது சாகவில்லை." அதில் கத்தல் இல்லை, கண்ணீர் இல்லை. திட்டப் பிறந்த தொண்டை அன்று தாழ்ந்து பேசியது.

சனிக்கிழமை இராசதுரை வீட்டில், போர்வைக்குள் இருந்து அதைப் பார்த்தார். முடிந்ததும் மூக்கைத் துடைத்தார்.

"அப்ப நான் போனாலும் நீ கழட்டமாட்டாய்."

"என்னைக் கேக்காம ஆரும் கழட்டேலா."

அவர் போகவில்லை. எழும்பி நடந்தார், வேலைக்கும் போனார். 1988 கார்த்திகையில் புனிதவதியின் மூத்த மகள் ஜெயமலருக்குக் கலியாணம். புனிதவதி வெற்றிலையோடு வீடு தேடி வந்தாள்.

"மனுசன் எழும்பி வந்தது உன்ர மாங்கல்ய பலம் பிள்ளை. நீதான் ஆலாத்தி எடுக்கோணும்."

"எடுக்கிறன் அக்கா. மற்றப் பக்கம் மனோரஞ்சிதம் பிடிக்கோணும்."

புனிதவதி, தன் முன்னால் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போனாள்.

கலியாணத்தன்று வேறு இரண்டு பேர் தட்டோடு மண்டப வாசலில் நின்றார்கள். நாகேஸ்வரி முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் மனோரஞ்சிதத்தை, சமையலறைக்குப் போகவிடாமல், கையைப் பிடித்து இருத்தியிருந்தாள். மணப்பெண்ணின் கார் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. புனிதவதி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"இறங்கு பிள்ளை, நேரம் போகுது."

"நாகேஸ் அன்ரியும் மனோ அக்காவும் வரட்டும் அம்மா. ஐ ஆம் நொட் கெற்றிங் அவுற்."

"ஆர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது?"

"சனிக்கிழமை சனிக்கிழமை நீங்கள்தானே ரீவியைப் போட்டுவிட்டனீங்கள்."

குளிர் காற்றில் தட்டின் திரி அணைந்து அணைந்து எரிந்தது. ஐயர் எட்டிப் பார்த்து மணிக்கூட்டைக் காட்டினார். புனிதவதி மண்டபத்துக்குள் வந்தாள். எல்லாரும் பார்க்க முன்வரிசை வரைக்கும் நடந்தாள். நாகேஸ்வரியைப் பார்க்கவில்லை. மனோரஞ்சிதத்துக்கு முன்னால் நின்றாள்.

"எழும்பு பிள்ளை. வா."

வாசலில் வீடியோக்காரர் லைற்றைப் போட்டார். தட்டின் ஒரு பக்கம் நாகேஸ்வரி, மறுபக்கம் மனோரஞ்சிதம். மனோரஞ்சிதத்தின் கண் அந்த வெளிச்சத்தையே பார்த்து மிரண்டு நின்றது.

நாகேஸ்வரி உதடு அசையாமல், ஸ்ரூடியோவில் பழகிய குரலில் சொன்னாள்.

"கமராவப் பாராத மனோ. பிள்ளைட முகத்தப் பாரு."