அரளித் தட்டு

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஆறு பீங்கான் தட்டுகள் இருந்தன. எழுபதுகளில், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா ஒரு கப்பல் சமையற்காரரிடம் வாங்கி வந்தவை. தட்டுக்கு ஒரு செடி. பூ, இலை, வேர் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வரைந்து, கீழே வாயில் நுழையாத பெயர் எழுதியிருக்கும். ஐந்து, நாங்கள் பார்த்தேயிராத சீமைப் பூக்கள். ஆறாவது நம்ம ஊர் மஞ்சள் அரளி. வரைந்த புண்ணியவான் காயை இரண்டாகப் பிளந்து விதையையும் காட்டியிருந்தான். எங்கள் பக்கம் வீட்டுச் சண்டை முற்றினால் பெண்கள் வாயில் முதலில் வருவதே "அரளிய அரச்சுக் குடிச்சிருவேன்" என்பதுதான். அந்தத் தட்டில் யார் தின்பார்கள்? அம்மா அதை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "அம்மா கிழிச்ச கோட்டத் தாண்டாத பிள்ளை" என்று தரகர் பெருமையாகச் சொன்னதுதான் அக்காவுக்கு உறுத்தல். "ஏளா, வாயத் தொறக்காத ஆளுகூட எப்படிக் காலம் தள்ள?" என்று என்னிடம் கேட்டாள். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அப்பா சரி என்றார்.

ஐந்து பேர் என்று சொல்லி ஆறு பேர் வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் எவர்சில்வரில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது. அம்மா அரளியை எடுத்து, படம் தெரியாதபடி மக்ரூனைக் குவித்தாள். "பொண்ணு பாக்க வந்தவங்க மரியாதைக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பாங்க. தெரியாது" என்றாள். அது போய்ச் சேர்ந்தது மாப்பிள்ளையின் அம்மாவிடம்.

அக்கா வந்து காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். அந்த அம்மாளோ பேச்சு சுவாரசியத்தில் குனிந்து பார்க்காமலே ஒவ்வொரு மக்ரூனாக எடுத்தார். இலை தெரிந்தது. பூ தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அக்கா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். தான் தொடாமலே வைத்திருந்த மக்ரூனை எல்லாம் அதில் கவிழ்த்து, தட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒங்களுக்குப் போதும்மா. நான் தின்னுக்கிடுதேன்."

நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அவ்வளவையும் தின்று தீர்த்தார். கடைசியில் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்னதுலயே இவன் இனிப்பத் தொடமாட்டான். இன்னைக்கு என்னமோ இந்தத் தீனி திங்கான். ஒங்க வீட்டு ராசி."

காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போன பெண் கூப்பிடாமல் வெளியே வரும் வழக்கம் எங்களிடம் இல்லை. அக்கா வந்தாள். எல்லாரும் பார்த்திருக்க, கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"குடிங்க. ரொம்பத் தெகட்டியிருக்கும்."