அரைமண்டி நிரல்

1. அப்பா பேஸ்மென்ட் தரையில் பச்சை டேப்பால் மூன்று பெட்டிகள் ஒட்டினார்.
2. நேரம் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது.
3. மச்சாள் வந்தாள்.
4. மச்சாள் அப்பாவைவிட வேகமாகப் பெட்டி மாறினாள்.
5. என் பெருவிரல் கொஞ்சம் தாமதித்தது.
6. அப்பா போட்டியில் தோற்றார்.

இப்படி வரிசைப்படுத்தினால் ஐந்தாவது ஏதோ தானாக நடந்ததுபோல் இருக்கிறது. நான் இப்போது பார்க்கும் வேலை இயந்திர உதிரிப்பாகங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது. விரல் தானாகத் தாமதிக்காது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மறுபடி சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். நின்ற இடத்தில் சுடும் போட்டி அல்ல. ஒரு பெட்டிக்குள் நின்று சில இலக்குகளைச் சுட்டுவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓட வேண்டும். கடைசியில் புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். அப்பாவின் குறி தப்பாது. ஆனால் ஓட்டம் மோசம். கிளப்பில் அவரை 'லா ஸ்தாத்யூ', அதாவது சிலை என்று கூப்பிட்டார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் அதைச் சொல்வார், ஆனால் கோடைப் போட்டியில் கடைசிப் பிரிவிலிருந்து ஒரு படியாவது ஏறிவிட வேண்டும் என்று அந்தப் பனிமாரி முழுக்கச் சனிக்கிழமை காலைகளில் கீழே இறங்கிப் பழகினார்.

துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டியபடியே இருக்கும். அப்பா கையில் பிடிப்பது ஒரு ரோச் லைட். எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாள்கள். ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குப் பாய்ந்து, முழங்காலை மடித்து நின்று, தாளில் வெளிச்சத்தை நிறுத்த வேண்டும். நான் படிக்கட்டின் மூன்றாம் படியில் நேரக்கடிகாரத்துடன் இருப்பேன். மடியில் நேரம் குறிக்கும் கொப்பி.

"கால் ரெண்டும் உள்ள வரவேணும், வெளிச்சம் ஆடாம நிக்கவேணும். அப்பதான் மணிக்கூட்டை அமத்தோணும், பிள்ளை. கண் பொய் சொல்லும், மணிக்கூடு சொல்லாது."

அந்த மூன்றாம் படி என்னுடையது. அம்மாகூட மேலே நின்றுதான் கத்துவார். "கள்ளன் பிடிக்கிற விளையாட்டு முடிஞ்சுதோ? புட்டு ஆறுது!"

மாசி மாதத்தில் மாமிக்கு வார இறுதி வேலை கிடைத்தது. மாமி அப்பாவின் அக்கா, அஹுன்ட்சிக்கில் இருந்தார். அதனால் மாமியின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்த மச்சாள், சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறு வயதிலிருந்து பரதம் பழகுகிறவள். நானும் அதே வகுப்பில் ஏழு மாதம் இருந்தேன். முழங்காலை வெளிப்பக்கம் மடித்து அரைமண்டியில் இருக்கச் சொன்னால் என் முழங்கால்கள் முன்னால் வந்து ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கிவிடும். பிறகு என்னை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள்.

முதல் நாள் மச்சாள் எனக்கு மேல் படியில் இருந்து பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, நீங்கள் ஏன் ஒவ்வொருக்காலும் எழும்புறியள்?"

"எழும்பாம எப்பிடி ஓடுறது?"

"எழும்பி ஓடிப்போய்த் திரும்ப முழங்காலை மடிக்கிறியள். அதுதான் வெளிச்சம் ஆடுது. அரைமண்டியிலயே போங்கோ. தலை மேல கீழ போகக் கூடாது."

ரோச் லைட்டை வாங்கிக்கொண்டு செய்தும் காட்டினாள். முழங்கால் மடிந்தபடியே இருந்தது. இடுப்புக்கு மேலே யாரோ அவளை ஒரு தட்டில் வைத்து எடுத்துப்போவதுபோல் நகர்ந்தாள். கால் பெட்டிக்குள் வரும்போதே வெளிச்சம் தாளின் நடுவில் இருந்தது, ஆணி அடித்ததுபோல். அப்பா கைதட்டினார். எனக்காக அவர் ஒருநாளும் கைதட்டியதாக நினைவில்லை.

சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. "என்ன முழங்கால்! வெள்ளைக்காரர் வருசக்கணக்காப் பழகிறதை இந்தப் பிள்ளை விளையாட்டாச் செய்யுது." அன்றிலிருந்து அப்பா "பிள்ளை" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பினோம். பல தடவை அது எனக்கானதாக இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா கொப்பியில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் 'நிமிர்ந்து', வலப்பக்கம் 'அரைமண்டி'. வலப்பக்கம் மச்சாளுடைய பக்கம், இடப்பக்கம் என்னுடையது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் பாய்ந்தாள். வெளிச்சம் நின்றது. நான் மனதுக்குள் 'ஒன்று' என்று சொல்லிவிட்டு அமத்தினேன்.

அவ்வளவுதான். முழு 'ஒன்று' கூட இல்லை, 'ஒன்' வரைக்கும்.

மூன்றாவது தடவை மச்சாள் திரும்பிப் பார்த்தாள். "என்னடி, மணிக்கூடு நித்திரையோ?"

"வெளிச்சம் ஆடினது. நான் பாத்தனான்."

"எனக்கு ஆடினதோ?"

"ஓம்."

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். "மணிக்கூடு சொன்னாச் சரிதான், பிள்ளை." அந்தப் பிள்ளை நான். எனக்கு உள்ளே சூடான பால் குடித்ததுபோல் இருந்தது.

பிறகு அப்பாவே அரைமண்டியில் முயன்றார். முதலில் தள்ளாடினார். நான்காவது வாரம் அவருடைய வெளிச்சமும் ஆணி அடித்ததுபோல் நின்றது. படியிலிருந்து நான் அதை நன்றாகவே கண்டேன். அவர் வென்றால் மச்சாள் சொன்னது சரியாகிவிடும். ஆகவே அவருக்கும் 'ஒன்' சொன்னேன். இடப்பக்கத்து எண்களுக்கு அந்த 'ஒன்' தேவைப்படவில்லை.

வைகாசியில் ஒரு காலை அப்பா கொப்பியுடன் நீண்ட நேரம் இருந்தார். "வேகமா இருக்கிற மாதிரித்தான் தெரியுது. ஆனா எண் அப்பிடி இல்லையே" என்றார். அரைமண்டியை விட்டுவிட்டார். மச்சாள் தோளைக் குலுக்கிவிட்டு மேலே போய்த் தொலைக்காட்சி பார்த்தாள். அதன் பிறகு அவள் கீழே வரவில்லை.

போட்டி நகரத்துக்கு வெளியே ஒரு மணல் குழியில் நடந்தது. அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். காதுக்கு அடைப்பான்கள் போட்டுக் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். அப்பா முதல் பெட்டியில் அழகாகச் சுட்டார். எழும்பினார். ஓடினார். இரண்டாவதில் திரும்ப முழங்காலை மடித்து, தன்னை நிலைப்படுத்தி, சுட்டார். மூன்றாவதில் ஓட்டம் அடங்காமல் ஒரு கால் கோட்டைத் தாண்டிவிட்டது. அப்படியே நின்று சுட்டார். கோட்டுக்கு வெளியே நின்று சுட்ட ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டினார்கள். யாரோ பின்னாலிருந்து, "சிலை இன்றைக்கு நடந்துவிட்டது!" என்று பிரெஞ்சில் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

திரும்பி வரும்போது காரில் மச்சாள் முன் இருக்கையில் இருந்தாள்.

"எழும்பிட்டியள், மாமா."

"ஓம் பிள்ளை. கொப்பியில அப்பிடித்தானே இருந்தது."

கண்ணாடியில் அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் யன்னலால் வெளியே பார்த்தேன். சத்தியமாக அன்று எனக்கு மகிழ்ச்சிதான். மச்சாள் வெல்லவில்லை, படி திரும்ப எனக்கு வந்துவிட்டது. அப்பா தோற்றது இவற்றுக்குப் பக்கத்தில் நடந்த வேறொரு விடயம்போல் இருந்தது.

அந்தக் கோட்டின் இரு பக்கமும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்பா எங்களை ஒப்பிடவே இல்லை. பெட்டியை விட்டுப் புறப்படும் இரண்டு வழிகளைத்தான் ஒப்பிட்டார். அதற்கு அவர் தன் கண்ணை விட்டுவிட்டு என் விரலை நம்பினார். வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு சோதனை அட்டவணையில் எண்ணை நிரப்பும்போது இது எனக்கு விளங்கியது. பேனையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

இப்போதைய நிலை: அப்பா அதற்குப் பிறகு இன்னும் நான்கு கோடைகள் நிமிர்ந்தே ஓடினார், கடைசிப் பிரிவிலேயே இருந்து விலகினார். மச்சாள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் சிறுமிகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். கொப்பி என் மேசை லாச்சியில் இருக்கிறது. வலப்பக்கத்தில் இருபத்திரண்டு எண்கள், எல்லாம் பிழை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.