மோதிரம் கிடைத்த பிறகும்

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து மதுரங்குளிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் தையல்காரி. சென்ற வருடம் கல்யாண உடுப்புத் தைக்க ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது வீட்டுக்கார மாமியின் மோதிரம் காணாமல் போனது.

நான் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தேன். "வாயே தொறக்கிறா இல்ல, பாருங்க" என்றார்கள் வீட்டார். பதறிப்போய் என் பையைக் கொட்டிக் காட்டினேன். "கேக்காமலே காட்டுறா, எங்கயோ ஒளிச்சிட்டா" என்றார்கள். அழுதேன். அதுவும் நடிப்பாயிற்று.

அடுத்த வாரம், குசினியில் மாமி அன்று பிட்டுக்கு மா எடுத்த டின்னுக்குள்ளேயே மோதிரம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், தீர்ந்தது என்று நினைத்து அங்கே போனேன். மாமியின் மகள் வாசலிலேயே சொன்னாள்:

"அன்னைக்கே பயத்துல நீங்கதான் திரும்ப வெச்சிருப்பீங்களாம். உம்மா சொல்றாங்க."

"நான் குசினிப் பக்கமே போகல்லியே! யாராவது கண்டாங்களா?"

"ஓம், ஒருத்தரும் காணாமத்தானே வெச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் யார் வீட்டுக்கும் போவதில்லை. அளவு கொடுக்க, தைக்கச் சொல்கிறவர்கள்தான் என் வீட்டுக்கு வர வேண்டும். வருகிறவர்களில் ஒருத்தி தன் கைப்பையை மடியில் இழுத்து வைத்தாலே, என்னைத்தான் சந்தேகப்படுகிறாள் என்று முடிவுகட்டிவிடுகிறேன். எனக்கும் இப்போது சாட்சி தேவைப்படுவதில்லை.