காற்று வீசும் பக்கம்

தொண்டைமானாற்றில் என் தோழி வீட்டு முற்றம். செங்கல் அடுப்பில் சிரட்டைக்கரி கனல்கிறது. தோழியின் பிள்ளைகள் இருவரும் என்னோடு சேர்ந்து, ஊறவைத்த ஈர்க்குகளில் கோழித்துண்டும் கறிமிளகாயும் வெங்காயமும் கோர்க்கிறார்கள். மூத்தவள் கவினி மட்டும் கோழியைத் தொடவில்லை. புலமைப்பரிசில் சோதனை முடிவு வரும்வரை மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் தின்பதில்லை என்று சந்நிதி முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். பத்து வயது.

"கோழியிலை முட்டின வெங்காயமும் மச்சம்தான் அன்ரி" என்று என் கையிலிருந்த ஈர்க்கைச் சோதிக்கிறாள். விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகூட என்னை இப்படிச் சோதிக்கவில்லை. அவளுடைய மரக்கறி ஈர்க்குகளுக்கு அடுப்பில் தனி ஓரம்; நடுவில் ஒரு செங்கல் எல்லை.

கோழிக் கொழுப்பு கரியில் சொட்டுகிறது. காற்று திரும்பி, புகை முழுவதும் எதிரே இருக்கும் தம்பியின் முகத்தில் அடிக்கிறது. அவன் இருமிக்கொண்டே எழுந்து ஓடுகிறான். கவினி தன் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் இடத்தில் உட்காருகிறாள். கண்ணீர் வழிய வழிய மூச்சை ஆழ இழுக்கிறாள்.

"கண் எரியலையா?" என்று கேட்கிறேன்.

"ஓம், எரியுது. ஆனா அன்ரி, தின்னமாட்டன் எண்டுதான் நேந்தனான். மணந்துபாக்கமாட்டன் எண்டு சொல்லேல்லையே!"