புகையன் என்ற பேரில் என் பங்கு

சுசீந்திரம் ரோட்டில் வயலுக்கு நடுவே மூன்று மாடியில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறதே, அது நான் கட்டியது. சேற்றில் அஸ்திவாரம் நிற்காது என்று படித்த என்ஜினீயர்கள் இரண்டு பேர் கையை விரித்த இடம் அது. கருங்கல்லும் மணலும் லாரி லாரியாகக் கொட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க ஆறப்போட்டு, அதன்மேல் தூக்கி நிறுத்தினேன். இன்றுவரை மயிரிழை வெடிப்பு கிடையாது. இனயம் பக்கம் உப்புக்காற்றில் பதினோரு வீடு கட்டினேன். கம்பி அரித்துப்போகும் என்றார்கள். பதினொன்றும் நிற்கின்றன, சொன்னவர்கள்தான் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரும் நான் கட்டியதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அஞ்சாம் கிளாஸ் வரை. கொத்தனாருக்குக் கையாளாகச் சாந்து சுமந்து, சுமந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தவன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தேன், பிடித்துக்கொண்டேன்.

எந்தக் கட்டிடம் முடித்தாலும் முகப்பில் ஒரு கல் பதித்து என் பேரை வெட்டுவேன். திமிர் என்பார்கள். திமிர்தான். கட்டினவன் பேர் கட்டினதில் இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைதான் இப்போது என்னைப் பிடித்து உட்காரவைத்து இதை எழுதச் சொல்கிறது.

போன வெள்ளிக்கிழமை என் கூட்டுக்காரன் செத்துப்போனான். நடக்கப் பழகின காலத்திலிருந்து என்னோடு இருந்த சிநேகிதன். ஜங்ஷனில் டீக்கடை வைத்திருந்தவன். மறுநாள் காலையிலேயே பையன்கள் பெரிய ஃபிளெக்ஸ் போர்டு வைத்துவிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி, அவன் படம், அவன் பேர், பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘புகையன்’. எங்கள் ஊரில் வட்டப்பேர் இல்லாமல் அஞ்சலி போர்டு வைத்தால் செத்தது யாரென்று பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய மூத்த மகன் துபாயிலிருந்து வந்து டாக்சியை விட்டு இறங்கினதும் முதலில் பார்த்தது அந்தப் போர்டைத்தான்.

“எங்க அப்பாவுக்குப் பேரு இல்லையாலே? செத்த பொறவும் புகையன்தானா?”

“அண்ணே, அத போடலன்னா அடக்கத்துக்கு ஆளு வராதுண்ணே. கடைக்கே அந்தப் பேருதான.”

அவன் என் பக்கம் திரும்பினான். “பெரியப்பா, நீங்க சொல்லுங்க. எல்லாக் கல்யாணத்திலயும் அந்தக் கதையச் சொல்லிச் சிரிக்கது நீங்கதான?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்த ஜங்ஷனில் நான் முதுகைக் காட்டினது அன்றைக்குத்தான்.

உண்மைதான். என் மண்டபத்தில் பந்தி நடக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பந்தியே குலுங்கிச் சிரிக்கும், அவனும் ஓரமாக நின்று சிரிப்பான். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன். இங்கே விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் அப்போது பத்துப் பதினொரு வயது. என் அக்காவுக்குக் கல்யாணம். கல்யாணச் சாப்பாட்டில் என்ன குறைந்தாலும் எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், பாயசத்தோடு பிசைய பப்படமும் பழமும் இல்லையென்றால் பொறுக்கமாட்டார்கள். இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்த சம்பந்திகள் உண்டு. அதனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே பாளையங்கோட்டான் வாழைக்குலைகளைப் பச்சையாக வெட்டிக் கொண்டுவந்து குழியில் புகை போட்டுப் பழுக்கவைப்பார்கள்.

அந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஒரே ஆள், என் கூட்டுக்காரனின் அப்பா. குழி வெட்டி, வாழைச்சருகு விரித்து, குலைகளை அடுக்கி, மேலே சருகு மூடி, குழைத்த மண்ணால் காற்றுப் போகாமல் பூசிவிடுவார். ஒரு மூலையில் மட்டும் ஒரு துவாரம் இருக்கும். அடியில் ஓட்டை போட்ட பானைக்குள் தேங்காய் உரித்த மட்டையை, எங்கள் ஊரில் கதம்பை, கனலவைத்து, பானையின் வாயை அந்தத் துவாரத்தில் கவிழ்த்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார். உள்ளே புகைதான் போகவேண்டும், சூடு போகக்கூடாது. காலையில் ஒரு ஊத்து, அந்திக்கு ஒரு ஊத்து. மறுநாள் விடிந்து திறந்தால் குழி முழுக்க மஞ்சளாகக் கிடக்கும்.

அந்தத் தடவை அவர் குலைகளை அடுக்கி மண் பூசினதோடு குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டார். ஊதுகிற வேலையை மகனிடம் கொடுத்தார். அவனும் அப்பாவோடு திரிந்து அதெல்லாம் பழகியிருந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், ஒரு பெரிய மனுஷனைப் போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஊத்து ஊதினான். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் எங்கள் வீட்டில், பெண்ணுக்குத் தம்பி நான், வேலை அவனுக்கா?

“நானும் ஒண்ணு ஊதுகேன், தாலே.”

“ஒனக்கு மூச்சு காணாது. பிசகிப்போனா எங்கப்பா என்ன வெட்டிப்போடும்.”

“இத்தன குலைக்கி ரெண்டு ஊத்து காணுமாலே?”

“காணும். அந்திக்கி வாறேன். எடையில ஒருத்தனும் பானையத் தொடப்பிடாது, கேட்டியா?”

அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க அவன் வீட்டுக்குப் போனான். நான் கேட்டேனா? உச்சிவெயிலில் எல்லோரும் பந்தல் வேலையில் இருந்தபோது குழிப்பக்கம் போனேன். கதம்பை மெதுவாகக் கனலும், புகை கொஞ்சம் கொஞ்சமாக வரும். கெட்டித் தேங்காய் ஓடான சிரட்டை என்றால் நன்றாக எரியுமே என்று எனக்குத் தோன்றியது. அடுக்களைப் பின்னால் கிடந்த சிரட்டைகளை அள்ளிப் பானைக்குள் போட்டுத் தீ மூட்டி, கன்னம் வலிக்க ஊதினேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. யாரும் கேட்காமலே கூடுதல் வேலை செய்கிற குணம் எனக்கு அன்றே உண்டு.

அந்திக்கு அவன் வந்து மண் பூச்சின்மேல் கையை வைத்தான். வைத்த கையைச் சட்டென்று எடுத்தான்.

“ஏலே, ஊதினியா?”

“ஆமா. நாலு ஊத்து. சிரட்டை போட்டு.”

அவன் திட்டுவான் என்று பார்த்தேன். கிணற்றடிக்கு ஓடி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மண்ணின்மேல் தெளித்தான். மறுபடியும் ஓடினான். எத்தனை வாளி என்று நான் எண்ணவில்லை. அந்தி ஊத்தை ஊதவே இல்லை.

“தொறந்து பாத்தா என்னலே?” என்றேன்.

“இப்பத் தொறந்தா நல்லதும் பழுக்காது. கெடக்கட்டும்.”

“ஒருத்தர்ட்டயும் சொல்லாதலே மக்கா.”

அவன் தலையை ஆட்டினான். ஆட்டினது ஆமாம் என்றா, உன்னை என்ன செய்ய என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று விடிந்ததும் என் தாய்மாமா வந்து குழியைத் திறந்தார். துவாரத்துப் பக்கம் கிடந்த குலைகள் வெந்து கறுத்துப்போய், தொட்டால் தோல் மட்டும் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை வெளியே மஞ்சள், உரித்தால் உள்ளே கல். மாமா ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து அப்படியே துப்பினார்.

“யாருலே ஊதினது?”

குழியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். என் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். சன்னல் வழியாக அக்கா எட்டிப்பார்த்தாள். பாதி அலங்காரம், கண்ணுக்கு மை எழுதி முடித்திருந்தது. என் கூட்டுக்காரன் அக்காவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் அம்மையின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

“நான்தான் ஊதினேன்” என்றான். “சிரட்டை போட்டு ஊதிட்டேன்.”

போர்வையைச் சுற்றிக்கொண்டு காய்ச்சலோடு வந்த அவன் அப்பா, அத்தனை பேர் பார்க்க அவனை அடித்தார். மாமா வீடு வீடாக ஓடித் தொங்கின குலைகளையெல்லாம் கேட்டு வாங்கிவந்து, ஆளுக்கு அரைப் பழம் என்று பந்தியை ஒப்பேற்றினார். பரிமாறிக்கொண்டே, “ஏலே புகையா, இங்கன வாலே, அரைப் பழம் ஒனக்குண்டும்” என்று அவனைக் கூப்பிட்டார். பந்தல் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று ஒட்டினது அந்தப் பேர்.

இவ்வளவுதான் கதை. அந்த அடியோடு அது முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் முதுகு நாலு நாளில் ஆறிவிட்டது, பிறகென்ன?

பிறகு நடந்தது இது. அந்த வருஷம் ஊரில் நடந்த கல்யாணங்களில் அவன் அப்பாவை ஒருவரும் புகை போடக் கூப்பிடவில்லை. அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்தான். அவர் கைராசியை மகன் கெடுத்துவிட்டான் என்றார்கள். அவர் வயல்வேலைக்குப் போனார், அது போதவில்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை, அஞ்சாம் கிளாஸோடு நின்றேன். அவனுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கணக்கில் வாத்தியாரையே திருத்துவான். அவனும் அந்த வருஷமே நின்றான். டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனான். எனக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதில் எனக்குத் துணையாக என் கூட்டுக்காரனும் வந்துவிட்டானே என்று குளத்தங்கரையில் குதித்தேன். அவன் ஏன் என்னோடு குதிக்கவில்லை என்று யோசிக்கவே இல்லை.

பெரியவனான பிறகு யோசித்தேன். யோசித்ததை வாயால் சொல்லத்தான் வரவில்லை. மண்டபம் கட்டினபோது, இங்கே நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பழம் அவன் கையால்தான் வரவேண்டும் என்று சட்டம் வைத்தேன். வந்தது, ஒருநாளும் பிசகவில்லை. அதையே பெரிய நியாயம் செய்ததாக எண்ணிக்கொண்டு, அதே பந்தியில் நின்று கதையையும் சொன்னேன்.

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவன் கடை பெஞ்சில், இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு.

“அன்னைக்கி ஏம்லே நீ ஏத்துக்கிட்ட?”

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். “ஒன்ன அடிச்சா ஒனக்க அக்கா அழுதிருப்பா. கண்மையெல்லாம் வழிஞ்சு மணவறைக்கிப் போவாளாக்கும்? என்ன அடிச்சா எங்கம்மைதான அழப்போறா. அவ கண்மையா எழுதியிருந்தா?”

பத்து வயதில் அவ்வளவு பார்த்திருக்கிறான். பக்கத்தில் நின்ற எனக்கு அக்காவின் கண்மை தெரியவில்லை. எழுபது தாண்டியும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அடுத்த முகூர்த்தத்தில் பழைய கதையைப் பழையபடியே சொன்னவன் நான்.

இனி சொல்லமாட்டேன். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு நோட்டீஸ் அடிக்க விஷயம் கேட்டு அச்சாபீஸ்காரன் நிற்கிறான். வட்டப்பேரை எடுத்துவிடவேண்டும் என்கிறான் மூத்த மகன். எடுத்தால் எப்படி என்கிறது ஊர். நான் அந்த மகனை உட்காரவைத்துச் சொன்னேன்.

“மக்கா, எடுக்காத. ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி சேத்துப் போடு.”

“என்ன வரி, பெரியப்பா?”

“சிரட்டை போட்டு ஊதிக் குலைய வேவிச்சது நான்னு எனக்க பேரப் போடு.”

“செத்த வீட்டு நோட்டீஸ்ல இதெல்லாம் போடுவாங்களா பெரியப்பா?” என்றான்.

போடமாட்டார்கள்தான். சேற்றில் மூன்று மாடியும் கட்டமாட்டார்கள். அவன் போடாவிட்டால், என் மண்டபத்துப் பந்தி அறை வாசலில் நானே கல்லில் வெட்டிப் பதிப்பேன். என்ஜினீயர்கள் தடுத்து நான் நின்றதில்லை, இதற்கும் நிற்கமாட்டேன். சாப்பிட வருகிறவன் கைகழுவப் போகும்போது வாசித்துவிட்டுப் போகட்டும்.

நான் கட்டின எல்லாவற்றிலும் என் பேர் இருக்கிறது. புகையன் என்ற பேரைக் கட்டினவனும் நான்தான். அறுபது வருஷத்துக்கு மேலாக அதை அவன் தனியாகச் சுமந்தான். அதில் மட்டும் என் பேரை விட்டுவிட நான் சம்மதிக்கமாட்டேன். போடுங்கள்.